பீரோ வாங்கிய மார்க்

டேரன் ஓல்ட்ராய்ட் என்று கேட்டால் ஸ்கெல்தோர்ப் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பீரோ என்று கேட்க வேண்டும். அந்தப் பேரை யார் வைத்தார்கள் என்பதும் தெரியாது. கேட்பவர்களிடம் அவனே விளக்கம் சொல்வான்: மாடிக்கு ஏற்றும்போது படிக்கட்டின் நடுவில் சிக்கிக்கொண்ட பீரோவைப் பார்த்திருக்கிறீர்களா, மேலேயும் போகாது, கீழேயும் வராது, யாராலும் அதைத் தாண்டிப் போகவும் முடியாது, ரக்பி லீக்கில் என் வேலை அதுதான்.

பெரிய பொய் இல்லை. முன்வரிசைக்காரனுக்கு வேறென்ன வேலை? பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே வரிசைகட்டி நிற்கிறவர்கள்மேல் போய் மோத வேண்டும். மூன்று பேர் சேர்ந்து அமுக்குவார்கள். எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு மறுபடியும் போய் மோத வேண்டும். பந்து அவர்கள் கைக்குப் போனால் அவர்கள் வந்து மோதுவார்கள், நாம் அமுக்க வேண்டும். கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துக் கைதட்டல் வாங்குவதெல்லாம் ஓரத்தில் ஓடுகிற ஒல்லிப்பிச்சான்களுக்கு எழுதி வைத்தது. டேரன் தன் ஆயுளில் கோட்டைத் தாண்டிய தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று, ஷூ நாடா தடுக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் குப்புற விழுந்தது. நடுவர் சிரிப்பை அடக்கமாட்டாமல்தான் விசிலை ஊதினார்.

ஒரே கிளப்பில் பத்து வருஷம் ஆடியவனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பாராட்டு நடத்துவார்கள். அதற்கு வைத்த விருந்தில் இந்த நாடா கதையை மேடையேறி அவனே சொன்னான். என் காதைப் பாருங்கள், நாய் கடித்துப் போட்ட பிஸ்கட் மாதிரி இருக்கிறது. என் மூக்கு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் லீட்ஸ் போய்ச் சேரலாம். இந்த மண்டைக்குள் ஏதாவது இருந்திருந்தால் இந்நேரம் உடைந்திருக்கும், காலியாக இருப்பதால்தான் தப்பித்தது. கூடம் குலுங்கியது. தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொள்கிறவனை ஊருக்குப் பிடிக்கும். அதிலும் மரமண்டை என்று தானே ஒத்துக்கொள்கிற முன்வரிசைக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அவன் மரமண்டை இல்லை. அதுதான் வேடிக்கை. அது இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு நவம்பரிலும், பயிற்சி ஆரம்பிக்கும்போது, கிளப் டாக்டர் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மூளைக்கு ஒரு பரீட்சை வைப்பார். பத்து வார்த்தை சொல்லுவார், திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைச் சொல்லுவார், தலைகீழாகச் சொல்ல வேண்டும். டிசம்பரில் ஆரம்பித்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கடைசியில் அந்தப் பத்து வார்த்தையை மறுபடி கேட்பார். இந்த மார்க்கை வைத்துக்கொள்வார்கள். சீசன் நடுவில் யாருக்காவது தலையில் அடிபட்டால், வெளியே கூட்டிப்போய் அதே பரீட்சையை மறுபடி வைப்பார்கள். மார்க் குறைந்திருந்தால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான், அடுத்த வாரமும் கிடையாது. குறையவில்லை என்றால் போய் ஆடு.

ஆக, நவம்பரிலேயே மார்க்கைக் கம்மியாக வாங்கிவிட்டால்? எவ்வளவு அடிபட்டாலும் குறைவதற்கு எதுவும் இருக்காது இல்லையா?

இதை முதலில் கண்டுபிடித்தது கெவ். கெவின் பிர்ட்விசில் என்று முழுப் பேர். முன்வரிசையில் டேரனுக்குப் பக்கத்து ஆள், ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். கண்டுபிடித்தானே தவிர ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. பேராசை. பத்து வார்த்தையில் ஒன்றுகூட ஞாபகமில்லை என்றான், பிறந்த மாதமே தெரியாது என்றான். கம்ப்யூட்டர் சிவப்பு விளக்குப் போட்டுவிட்டது. டாக்டர் ஹெலன் ஃபிஷ்விக் அவனை உட்கார வைத்து ஒரு பிடி பிடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்.

டேரன் அப்படியில்லை. அவன் கலைஞன். அளவறிந்து நடித்தான். பத்து வார்த்தையில் நாலைத் தவறவிடுவான், ஆனால் யோசிப்பதுபோலக் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் தவறவிடுவான். எண்களில் ஒன்றை இடம் மாற்றுவான். மாதங்களில் செப்டம்பர் சொல்லிவிட்டு நேராக ஜூலைக்குத் தாவுவான், ஆகஸ்ட்டை முழுங்கிவிடுவான். அது அவன் கையெழுத்து மாதிரி. ஒற்றைக் காலில் நிற்பதற்கு மட்டும் நடிப்பு எதுவும் தேவைப்பட்டதில்லை.

வருஷாவருஷம் அதே மார்க். டாக்டர் ஹெலனுக்கு அவன்மேல் ஒரு தனிப் பரிவே வந்துவிட்டது. அவனிடம் மட்டும் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். மாத்திரைச் சீட்டில் காலை, இரவு என்று பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பார். டேரன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி ஸ்டேசியிடம் காட்டி விழுந்து விழுந்து சிரிப்பான். அடிபட்டு வெளியே வந்து, தலைக்குள் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பரீட்சையில் தேறித் திரும்பவும் உள்ளே ஓடியது எத்தனையோ தடவை. ஜனம் எழுந்து நின்று தட்டும். பீரோவை இடி விழுந்தாலும் அசைக்க முடியாது என்பார்கள்.

மரமண்டை இல்லை என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், ஸ்கெல்தோர்ப் தொழிலாளர் கிளப்பில் போய் விசாரிக்கலாம். அங்கே டார்ட் எறியும் பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்று கணக்கு எழுதியவன் அவன்தான், மீசை முளைக்காத வயதிலிருந்து. ஐந்நூற்றொன்றில் ஆரம்பித்து ஒவ்வொருவரும் எறிகிற மூன்று அம்பையும் கூட்டிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். மூன்றாவது அம்பு பலகையில் குத்தி அதன் அதிர்வு நிற்பதற்குள் அவன் மீதியை எழுதிவிட்டிருப்பான். அது மட்டுமில்லை, இனி எதில் எறிந்தால் முடியும் என்பதையும் எறிகிறவன் காதில் விழாமல் முணுமுணுத்துவிடுவான். ஸ்டேசி அவனை முதன்முதலாகப் பார்த்தது அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான். போன குளிர்காலத்தில் கிளப்காரர்கள் ஒரு மின்சாரப் பெட்டியை வாங்கி மாட்டினார்கள். பட்டனைத் தட்டினால் அதுவே கழித்துச் சிவப்பு எழுத்தில் காட்டும். டார்ட் லீக்கில் எல்லா கிளப்பும் மாட்ட வேண்டுமாம், புது விதியாம். டேரனுக்கு வந்ததே கோபம். ஒரு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை. தன் பிழைப்பில் மூளையோடு செய்த ஒரே வேலையையும் ஒரு பெட்டிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் புலம்பினான்.

இப்போது கதைக்கு வருவோம். ஸ்கெல்தோர்ப் அணி என்றைக்கும் இரண்டாம் டிவிஷன். டேரனின் அப்பா காலத்திலும் அதுதான், ஊரின் நிலக்கரிச் சுரங்கம் மூடின பிறகும் அதுதான். அந்த அக்டோபரில், யாரும் எதிர்பார்க்காமல், இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்து மேல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது. கிழவர்கள் மைதானத்துப் புல்லைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். டேரனும் அழுதான். வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். கட்டட வேலையில் ஜிப்சம் பலகை சுமந்து வயிறு வளர்த்து, வேலை முடிந்து சாயங்காலம் பயிற்சிக்கு ஓடி, சேற்றிலும் பனியிலும் நூறு பேர் பார்க்க ஆடினவன் அவன். முப்பத்தைந்து வயதில், கடைசிக் கடைசியாக, பெரிய மைதானம், டிவி, நெருக்கியடிக்கும் கூட்டம். இன்னும் ஒரு வருஷம் ஆடுகிறாயா என்று கோச் கேட்டார். கல்யாணத்தன்றுகூட அவன் அவ்வளவு வேகமாகச் சரி சொன்னதில்லை.

ஸ்டேசி சரி சொல்லவில்லை. அவள் பஸ் ஓட்டுகிறவள். ஸ்கெல்தோர்ப்பிலிருந்து வேக்ஃபீல்டு போகிற பஸ். நாள் முழுக்கப் பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம், வீட்டிலும் விடவில்லை. பால் புட்டியை அலமாரியிலும் டீத்தூளை ஃப்ரிட்ஜிலும் அவன் வைத்ததைப் பார்த்திருக்கிறாள். சொன்ன ஜோக்கையே அதே சாயங்காலம் அதே ஆட்களிடம் அவன் மறுபடி சொன்னதையும், அவர்கள் மரியாதைக்கு மறுபடி சிரித்ததையும் பார்த்திருக்கிறாள். அவனிடம் சொன்னால் சிரிப்பான். மரமண்டையைக் கட்டிக்கிட்டா அப்படித்தான் என்பான்.

நவம்பர் பரீட்சைக்குச் சில நாள் முன்னால், ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் சிரிக்கவில்லை. மீனும் சிப்ஸும் ஆறிக்கொண்டிருக்க, என்னென்னவோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். அவன் காதில் நின்றது கடைசிப் பகுதிதான்.

"இந்த வருஷம் அந்தப் பரீட்சையை நடிக்காம எழுது," என்றாள். "ஒரே ஒரு தடவை. உன்னோட நெஜ மார்க் என்னன்னு நான் பாக்கணும். நல்லா வந்துச்சுன்னா நீ ஆடு, நானே வந்து முன்னாடி நின்னு கத்துறேன். வரலைன்னா விட்டுடணும். வாக்குக் கொடு."

வாக்குக் கொடுத்தான். கொடுக்கும்போது உள்ளுக்குள் குஷிதான். இத்தனை வருஷம் தன்னை மக்கு என்று நினைத்துச் சூரியன், நிலா வரைந்து கொடுத்த டாக்டர் முன்னால், ஒரு தடவையாவது தன் நிஜ மூளையைக் காட்டலாம். மார்க் எகிறினால் டாக்டர் சந்தேகப்படுவாரே என்ற கவலைதான் கொஞ்சம் இருந்தது. அதற்கும் ஒரு பதில் தயார் பண்ணினான்: வைட்டமின் சாப்பிட ஆரம்பித்தேன் என்று சொல்லிவிடலாம்.

பரீட்சை அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் தைல வாடை அடிக்கிற சின்ன அறை. கெவ் முன்னாடியே முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தான். மச்சான், ஆகஸ்ட்டை மறக்காம மற என்று காதில் சொல்லிவிட்டுப் போனான்.

டாக்டர் வார்த்தைகளைச் சொன்னார். குடை, சுத்தியல், தேன், ஜன்னல் என்று போனது. டேரன் கூரையைப் பார்க்கவில்லை. நேராக டாக்டர் கண்ணைப் பார்த்துச் சொன்னான். எண்களைத் தலைகீழாகச் சொன்னான். மாதங்களை டிசம்பரில் ஆரம்பித்துக் கடகடவென்று ஓட்டி ஜனவரியில் வந்து நிறுத்தினான். மூச்சே விடவில்லை. கடைசியில் பத்து வார்த்தையைக் கேட்டபோது ஒவ்வொன்றாகக் கொட்டினான். தேர்வு மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது எல்லாம் எழுதிவிட்டோம் என்று ஒரு சுகம் வருமே, அது அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வந்தது. வைட்டமின் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

டாக்டர் திரையைப் பார்த்தார். புன்னகை பண்ணினார்.

"ரொம்ப நல்லது டேரன்," என்றார், வழக்கம்போல நிதானமாக. "ஒரு மாத்தமும் இல்ல. ஒவ்வொரு வருஷமும் என்ன மார்க்கோ அதே மார்க். உங்க வயசுல இவ்வளவு சீரா இருக்கிற முன்வரிசை ஆளை நான் பாத்ததில்ல. ஆகஸ்ட்டைக்கூட எப்பவும் போல விட்டுட்டீங்க."

"ஆகஸ்ட் சொன்னேனே டாக்டர்."

"பரவாயில்ல. அதுக்கு ஒரு மார்க்தான்," என்று அவன் தோளில் தட்டினார். ஆடலாம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

வெளியே வந்தபோது டேரனுக்கு ரோஷம்தான் வந்தது. காதில் பஞ்சு வைத்திருக்கிறாரா இந்த டாக்டர்? ஆகஸ்ட் சொன்னது அவன் காதிலேயே இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் கெவ் சாய்ந்து நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். டேரன் நடந்ததைச் சொன்னான்: உயிரைக் கொடுத்து ஒழுங்காக எழுதினேன், அதே மார்க் போட்டிருக்கிறார். கெவ் வாழைப்பழம் புரையேறுகிற வரைக்கும் சிரித்தான்.

"அப்ப இத்தனை வருஷமா நீ நடிக்கவே இல்லடா," என்றான். "நெஜமாவே நீ மரமண்டைதான். நடிக்கிறதா நெனச்சு ஏமாந்துட்ட."

டேரனும் சிரித்தான். நல்ல ஜோக். அடுத்த விருந்தில் மேடையில் சொல்லலாம். கெவ்வின் முதுகில் ஒன்று வைத்தான், இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆட அனுமதி கிடைத்தாயிற்று, மேல் டிவிஷன் கைக்கு வந்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும்? காரில் ஏறி உட்கார்ந்தான். சாவியைப் போட்டான். சிரிப்பு மட்டும் பாதியில் எங்கேயோ நின்றுவிட்டது.

கெவ் சொன்னது ஜோக். சரி. ஆனால் டேரன் நடித்தது நிஜம். அது அவனுக்குத் தெரியும். நாலு வார்த்தை தெரிந்துதான் தவறவிட்டான், ஆகஸ்ட்டைத் தெரிந்துதான் முழுங்கினான். அப்படியானால் இன்றைக்கு விட்டுப்போன வார்த்தைகளை விட்டது யார்?

வீட்டுக்குப் போகவில்லை. கார் தானாகத் தொழிலாளர் கிளப் வாசலில் போய் நின்றது. மத்தியான நேரம், உள்ளே ஆளில்லை. பிரெண்டா மட்டும் கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிளப்பை நடத்துகிறவள் அவள்தான். டேரனை அரை டிராயரில் பார்த்தவள், எல்லாரையும் ராசா, கண்ணு என்று கூப்பிடுகிறவள். அவன் கேட்காமலே டீ ஊற்றி வைத்தாள்.

டேரன் டார்ட் பலகை முன்னால் போய் நின்றான். பக்கத்தில் அந்தப் பெட்டி, எரியாமல் கறுப்பாக. அம்பு மூன்றை எடுத்து எறிந்தான். ஒன்று இருபதில், ஒன்று ஐந்தின் மூன்றுமடங்கு வளையத்தில், ஒன்று பதினெட்டில். ஐந்நூற்றொன்றிலிருந்து கழித்தான். ஒரு விடை வந்தது. மறுபடி கழித்தான். வேறு விடை வந்தது. மூன்றாவது தடவை கழிக்கிற தைரியம் அவனுக்கு வரவில்லை.

திரும்பிப் பார்க்காமலே, இந்தப் பெட்டியை ஏன் வாங்கினீர்கள் என்று பிரெண்டாவைக் கேட்டான். லீக்கில் விதி என்று அப்போதே சொன்னோமே என்றாள் அவள். எந்த லீக், பக்கத்து ஊர்க் கிளப்பில் இன்னும் சாக்பீஸ்தானே என்றான். அவள் துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தாள்.

"பிரெண்டா அக்கா. என்னைப் பாத்துச் சொல்லு."

அவள் கிளாஸை வைத்தாள். பார்த்தாள்.

"நீ தப்புத் தப்பா கழிச்சே ராசா," என்றாள். "ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. உன்னால ரெண்டு மேட்ச் போச்சு. வெளியூர்க்காரன் சண்டைக்கு வந்தான், நம்ம பசங்க அவனை அடிக்கப் போனாங்க, நீ எழுதினதுதான் சரின்னு. தப்புன்னு அவங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சண்டைக்குப் போனாங்க. அப்புறம் எல்லாருமா காசு போட்டு இந்தப் பெட்டியை வாங்கினோம். பீரோகிட்ட யாரு போய்ச் சொல்றது? எனக்கு வாய் வரல கண்ணு."

ஒரு மாசம் அந்தப் பெட்டியைத் திட்டிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தானே. ஆமாம், அநியாயம்தான் என்று அத்தனை பேரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்களே. டேரனுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. அழுகையா, வெட்கமா, அவனுக்கே புரியவில்லை. டீயைக் குடிக்காமல் கிளம்பியவன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து குடித்தான். பிரெண்டாவின் டீயை வைத்துவிட்டுப் போனால் அவள் மனசு கஷ்டப்படும்.

ஸ்டேசி வேலை முடிந்து வந்து பஸ் கம்பெனிக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டாள். டேரன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்த நாற்காலி ஒவ்வொரு தடவையும் முனகும், அன்றும் முனகியது.

"பாஸ்," என்றான். "ஆடலாம்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஒரு மாத்தமும் இல்லன்னாங்க."

ஸ்டேசிக்கு முதலில் மூச்சு வந்தது. அப்புறம் அந்த வார்த்தை புரிந்தது. மாற்றம் இல்லை. எதோடு ஒப்பிட்டு மாற்றம் இல்லை? நடித்து வாங்கின மார்க்கோடு. அவள் பின்பக்கமாகக் கையால் தடவி இன்னொரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கோட்டோடே உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு எரிச்சலாக வந்தது. தனக்கு அரை நாள் பிடித்தது இவளுக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டதே என்று. அப்புறம் அந்த எரிச்சலை நினைத்துச் சிரிப்பு வந்தது.

அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். டாக்டருக்குத் தெரியாது, கோச்சுக்குத் தெரியாது, கெவ்வுக்கு அது ஒரு ஜோக். பிப்ரவரியில் முதல் ஆட்டம், வெளியூரில், டிவியில். ஸ்டேசியும் அவனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள்; கத்துவாள், கதவை அறைவாள், காட்டிக்கொடுக்க மாட்டாள். அது அவனுக்குத் தெரியும். அவள் அன்றைக்குக் கத்தவும் இல்லை. எழுந்து, டீத்தூளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

மறுநாள் இரண்டு பேருமாக டாக்டர் அறைக்குப் போனார்கள்.

டேரன் எல்லாவற்றையும் சொன்னான். நாலு வார்த்தை, இடம் மாற்றின எண், ஆகஸ்ட். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசம், இரக்கம் இருந்தது. அவர் நம்பவில்லை.

"டேரன், மார்க் கம்மின்னு நீங்க வருத்தப்பட வேண்டாம்," என்றார். "எல்லாருக்கும் ஒரே மாதிரி மூளை இருக்காது. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல."

டேரன் தலையில் கை வைத்துக்கொண்டான். பாருங்கள் அவன் கதியை. மக்கு என்று நம்பவைக்க இத்தனை வருஷம் பாடுபட்டான், அது ஜாம்ஜாம் என்று பலித்துவிட்டது. நான் ஒரு காலத்தில் புத்திசாலி டாக்டர் என்று இப்போது கெஞ்சினால் எடுபடவில்லை. கெஞ்சக் கெஞ்ச அது ஒரு மக்கு பேசுகிற மாதிரியே அவன் காதிலேயே கேட்டது. மேடையில் சொல்லியிருந்தால் கூடம் குலுங்கியிருக்கும்.

"அவன் நெஜமாத்தான் சொல்றான் டாக்டர்," என்றாள் ஸ்டேசி. "வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து செஞ்சு காட்டுவான். நீங்க வரைஞ்ச நிலாவைக் காட்டிச் சிரிப்பான்."

நிலா என்றதும் டாக்டர் முகம் மாறியது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பழைய மார்க்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரே எண், ஒரே எண், ஒரே எண். நேற்றுவரைக்கும் அவருக்குச் சந்தோஷமாக இருந்த எண். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்புறம் டேரனிடம் இல்லை, ஸ்டேசியிடம் பேசினார். வேகமாகப் பேசினார், ஸ்டேசியிடம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டிய அவசியம் இல்லையே. இதில் எதையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன், படம் எடுப்பார்கள், நரம்பு டாக்டர் பார்ப்பார். ஆனால் முன்னால் எப்படி இருந்தார் என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். அதைச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை என்றார்.

"நான் ஆடல டாக்டர்," என்றான் டேரன், யாரும் கேட்காமலே. "கோச்கிட்ட நானே சொல்லிக்கிறேன்." சொல்லி முடித்ததும், பெரிய மைதானத்தின் அத்தனை விளக்கும் தலைக்குள் ஒரு தடவை எரிந்து அணைந்தன. வாழ்நாள் முழுக்க முட்டி மோதி ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தான். அதைத் தானே சாத்தினான். வலித்தது. எந்த அடியும் அப்படி வலித்ததில்லை.

டாக்டர் தலையசைத்துவிட்டு ஸ்டேசியைப் பார்த்தார். சொல்லுங்கள், முன்னால் எப்படி இருந்தார்?

ஸ்டேசி சொன்னாள். மூன்றாவது அம்பின் அதிர்வு நிற்பதற்குள் மீதி எழுதிவிடுவான் என்றாள். நான் பஸ் ஓட்டப் பழகியபோது வழியிலுள்ள எல்லா நிறுத்தத்தையும் எனக்கு முன்னாலேயே மனப்பாடம் செய்து தினம் பாட்டாகப் பாடிக் காட்டினான், அதனால்தான் பாஸ் பண்ணினேன் என்றாள். என் அம்மா செத்தபோது, அவள் எனக்குச் சொல்லியிருந்த கதையெல்லாம் எனக்கே மறந்துபோய் அவன்தான் ஞாபகமாக எடுத்துச் சொன்னான் என்றாள். எங்கள் தெருவில் அவன்தான் கெட்டிக்காரன், யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும் என்றாள். சொல்லும்போது அவள் டேரன் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

டேரன் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயால் தன்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை அவன் கேட்டதில்லை. மேடையில் எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள், எல்லாம் தோளையும் கழுத்தையும்தான். எப்போதும்போல ஒரு கிண்டலுக்குப் போனான்.

"இதையெல்லாம் எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல ஸ்டேஸ்? பெரிய தலைக்கனத்தோட சுத்தியிருப்பேன்."

ஸ்டேசி இப்போது திரும்பினாள். அவன் சிதைந்த காதை, அது கூசும் என்பதால், மெதுவாகத் தொட்டாள்.

"சொன்னேன்டா," என்றாள். "போன வாரம். மீன் ஆறிப்போற வரைக்கும் இதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."